பே ஸ்டேட் ப்ளூ மை: வாங்குவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். பள்ளிக்காலம் தொட்டு மைப்பேனாவால்தான் எழுதி வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நூட்லர்ஸ் நிறுவனத்தின் பே ஸ்டேட் ப்ளூ என்ற நீல மையில் ஒரு புட்டி வாங்கினேன். அன்று முதல் என் கைக்குறிப்பேட்டைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த நிறத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். மையின் பெயரைச் சொன்னதும், மைப்பேனாப் பழக்கம் உள்ளவர்கள் சற்றுத் தயங்கி, அது பேனாவைக் கெடுத்துவிடும் மையாயிற்றே என்கிறார்கள். பாலக்கோட்டு ஆசிரியை ஒருவர், ஓசூரில் தொழிற்சாலையில் பணிபுரியும் நண்பர், எங்கள் கல்லூரி மாணவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

இது என்ன மை? எங்கே செய்கிறார்கள்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நேத்தன் டார்டிஃப் என்பவர் தொடங்கி நடத்திவரும் நூட்லர்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் தயாரிப்பு இது. மாசசூசெட்ஸுக்கு 'பே ஸ்டேட்', அதாவது வளைகுடா மாநிலம், என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. மையின் பெயர் அதிலிருந்து வந்தது. இதே வரிசையில் கேப் காட் கிரான்பெரி என்ற சிவப்புச் சாயல் மையும், கான்கார்ட் கிரேப் என்ற ஊதா மையும் இருக்கின்றன. இம்மூன்றும் ஒரே குடும்பம் என்பதையும், அந்நிறுவனத்தின் மற்ற மைகளிலிருந்து இவை தனிப்பட்டவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இதை மறப்பதால் வருகின்றன.

நிறம் உண்மையிலேயே அவ்வளவு பளிச்சென்று இருக்குமா?

இருக்கும். நான் சொல்வதைவிடக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். பள்ளியில் நாம் எழுதிய ராயல் ப்ளூ மை ஈரமாக இருக்கும்போது நல்ல நீலமாகத் தெரிந்து, காய்ந்த பிறகு சற்றே சாம்பல் படர்ந்து மங்கிவிடும். இந்த மை காய்ந்த பிறகும் ஏறக்குறைய எழுதியபோது இருந்த அதே நீலமாகவே நிற்கிறது. முதல் நாள் சாயங்காலம், குழல் விளக்கின் கீழே, கோடு போட்ட நோட்டில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் அச்சிட்டிருந்த நீலக் கோடுகள் அந்த எழுத்தின் அருகே வெளுத்துப்போனவை போலத் தெரிந்தன. எழுத்தின் ஓரங்களில், முள் திரும்பிய இடங்களில், மிக இலேசான ஊதாச் சாயல் இருந்தது.

சொட்டு நீலம் போல இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். சொட்டு நீலக் குப்பியைத் திறந்து பார்த்தால் தெரியும் அந்த ஆழம் இதில் உண்டு; ஆனால் சொட்டு நீலம் தண்ணீரில் விழுந்ததும் வெளிறுவதைப் போல இது காகிதத்தில் வெளிறுவதில்லை. பூவில் ஒப்புமை தேடினால், வேலியில் படரும் சங்குப்பூவைவிடக் காயாம்பூதான் இதற்கு நெருக்கம். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்த நீலம். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துப் புதர்க்காடுகளில் காயா மரம் பூக்கும்போது, கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக ஊதா கலந்த நீலம் எரிவதுபோல் தெரியும். அதைக் கண்டவர்களுக்கு இந்த மையை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சர்ச்சை எதைப் பற்றியது?

மூன்று குற்றச்சாட்டுகளைச் சொல்கிறார்கள். பேனாவில் அழியாத கறை பிடிக்கிறது என்பது முதலாவது. வேறு மையுடன் சேர்ந்தால் திரிந்துபோகிறது என்பது இரண்டாவது. சில பேனாக்களின் பிளாஸ்டிக்கையே கெடுத்துவிடுகிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் உண்மை, அவற்றில் விவாதத்துக்கே இடமில்லை. மூன்றாவதைத்தான் ஒரு பக்கம் சத்தியம் செய்கிறார்கள், மறுபக்கம் மறுக்கிறார்கள்.

பேனாவை உருக்கிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பிரபலமான ஒரு வெளிநாட்டு பிளாஸ்டிக் பேனாவில் இந்த மையை ஊற்றி வைத்திருந்து, முள்ளுக்கு அடியில் இருக்கும் கட்டை கெட்டுப்போனதாகச் சிலர் படத்துடன் காட்டியிருக்கிறார்கள். அதே வகைப் பேனாவில் ஆண்டுக்கணக்கில் இதே மையால் எழுதி, எந்தக் கேடும் காணாதவர்களும் இருக்கிறார்கள். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதில் என் நிலை இதுதான்: ஒரு திரவம் ஒரு பிளாஸ்டிக்கைக் கெடுக்கிறதா என்பது அந்தப் பிளாஸ்டிக் எது, எவ்வளவு நாள் தொட்டுக்கொண்டிருந்தது, தண்ணீர் வற்றித் திரவம் எவ்வளவு அடர்த்தியானது, எவ்வளவு சூடு என்ற நான்கையும் பொறுத்தது. படங்களில் இந்த நான்கும் தெரிவதில்லை. ஆகவே எல்லாப் பேனாவையும் உருக்கும் என்று சொல்வதும் பிழை, எதையும் ஒன்றும் செய்யாது என்று சொல்வதும் பிழை. எழுதாமல் மாதக்கணக்கில் மேசைக்குள் போட்டுவைத்த பேனாவுக்கும், தினமும் எழுதி மாதம் ஒருமுறை கழுவிய பேனாவுக்கும் ஒரே கதி வராது.

என்னுடைய பேனாவில் இரண்டு ஆண்டுகளாக இந்த மை மட்டுமே ஓடுகிறது. கட்டையைக் கழற்றி உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தேன். காற்றுப் போவதற்கென்று வெட்டியிருக்கும் பற்கள் முதலில் இருந்தபடியே கூராக இருக்கின்றன. இது ஒரே ஒரு பேனாவின் சாட்சி, அதுவும் எபோனைட், அதாவது கெட்டியாக்கிய ரப்பரால் ஆன கட்டை. அதற்கு மேல் இதை நீட்டிப் பேச மாட்டேன்.

மை பேனாவைக் கெடுக்கும் என்ற பேச்சு இதற்கு முன் இருந்ததுண்டா?

உண்டு. 1931-இல் பார்க்கர் நிறுவனம் குவிங்க் மையைக் கொண்டுவந்தது. அது பேனாவுக்குப் பாதுகாப்பான மை என்ற பெயரோடு உலகம் முழுவதும் பரவியது. பத்தாண்டு கழித்து, 1941-இல், அதே நிறுவனம் பார்க்கர் 51 என்ற பேனாவையும், எழுத எழுத உலரும் ஒரு மையையும் வெளியிட்டது. அந்த மை கடுமையான காரத்தன்மை உடையது; ஆகவே 51 பேனாவுக்கு மட்டும் பயன்படுத்துக என்று அதன் புட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். பின்னர் 1947-இல் வந்த சூப்பர்குரோம் மையும் அப்படித்தான். அந்த மைகளின் நிறங்கள் மிகப் பிரகாசமானவை. எச்சரிக்கையைப் படிக்காமல் வேறு பேனாக்களில் ஊற்றியவர்களின் பேனாக்களில் உலோகப் பாகங்களும் ரப்பர் பாகங்களும் அரித்துப்போயின; பழைய பேனாக்களைப் பழுது பார்ப்பவர்கள் இன்றும் அதைப் பற்றிச் சொல்வார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பளிச்சென்ற நிறத்தையும், விரைவில் உலரும் தன்மையையும், பேனாவுக்கு எந்த ஆபத்தும் இல்லாமையையும் ஒரே புட்டியில் அடைப்பது மை செய்கிறவர்களுக்கு எப்போதுமே கடினமாக இருந்திருக்கிறது.

இதை வேறு மையுடன் கலக்கலாமா?

கூடவே கூடாது. பே ஸ்டேட் வரிசை மைகளை வேறு எந்த மையுடனும் கலக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். கலப்பது என்றால் புட்டியில் வேண்டுமென்றே ஊற்றிக் கலப்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு இருந்த மையின் மிச்சம் கட்டையில் ஒட்டியிருந்தாலும் அதுவும் கலப்புத்தான்.

இதை நான் என் அவசரத்தால் கற்றேன். முதல் மாதத்தில், இரண்டாவதாக இன்னொரு பேனாவிலும் இந்த நிறம் வேண்டும் என்ற ஆசையில், சாதாரணப் பள்ளி நீல மை இருந்த பேனாவைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை மட்டும் அலசிவிட்டு ஊற்றினேன். அன்று நன்றாகவே எழுதியது. மறுநாள் பாதி வரியில் நின்றது. கழற்றிப் பார்த்தபோது கழுத்துக்குள் மை மையாகவே இல்லை. பால் திரிந்ததுபோல் கருநீலத் துகள்களும், மேலே வெளிறிய தண்ணீருமாகப் பிரிந்து கிடந்தது. கட்டையின் நடுவே ஓடும் மெல்லிய வாய்க்காலில் அந்தத் துகள் சேறுபோல் அப்பியிருந்தது. ஊசியால் குத்தக் கூடாது என்பதால், பழைய பல் துலக்கியின் மிருதுவான ஓரத்தால் தேய்த்துத் தேய்த்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. குற்றம் கழுவாமல் ஊற்றிய என்னுடையது.

சாயங்களில் நேர்மின்னூட்டம் கொண்டவை, எதிர்மின்னூட்டம் கொண்டவை என்று இரண்டு பெரும் வகைகள் உள்ளன. அவை ஒன்றையொன்று சந்தித்தால் கரைசலாக இருக்க முடியாமல் வீழ்படிவாகிவிடும் என்பது இளங்கலை மாணவர்களும் ஆய்வகத்தில் பார்க்கும் செய்திதான். அதேபோல் ஒரு குறிப்பிட்ட கார அமில நிலையில் கரைந்திருக்கும் சாயம் வேறு நிலைக்குப் போனாலும் வெளியே வந்துவிடும். ஆகவே எந்த மையாக இருந்தாலும் கழுவாமல் மாற்றுவது நல்லதல்ல. இந்த மையில் அந்தத் தவறு மறுநாளே முகத்தில் அடிக்கும்.

எந்தப் பேனாவில் ஊற்றலாம்?

இந்த மைக்கென்றே ஒரு பேனாவை ஒதுக்கிவிடுங்கள். அது இழந்தால் மனம் வருந்தும் பேனாவாக இருக்கக் கூடாது. தாத்தா கொடுத்த பேனா, பரிசாக வந்த தங்க முள் பேனா, பழைய செல்லுலாய்டு பேனா, உள்ளே ரப்பர்ப் பை வைத்த பேனா ஆகியவற்றின் பக்கமே இதைக் கொண்டுபோக வேண்டாம். உள்ளே மை தெரியும் கண்ணாடி போன்ற பேனாவும் வேண்டாம், அது ஒரே வாரத்தில் நீலக் கண்ணாடி ஆகிவிடும். வெள்ளை அல்லது வெளிர்நிறக் கழுத்துள்ள பேனாவுக்கும் அதே கதிதான்.

என் அனுபவத்தில், உடலில் நேரடியாக மை ஊற்றும் கறுப்பு எபோனைட் பேனா இதற்கு மிகப் பொருத்தம். நம் மாநிலத்திலேயே திருவள்ளூரில் எபோனைட் கம்பியைக் கடைசலில் வைத்துக் கையால் பேனா கடைகிறார்கள். கறுப்பு எபோனைட்டில் கறை பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே உருளை, பிஸ்டன், பை எதுவும் இல்லாததால் கெடுவதற்குரிய பாகமும் குறைவு. முழுக்கக் கழற்றிக் கழுவலாம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், மலிவான கறுப்பு பிளாஸ்டிக் பேனா ஒன்றே போதும். நூட்லர்ஸ் நிறுவனமே தன் 133 மில்லிப் பெரிய புட்டிகளோடு, மையை நேரே ஊற்றும் எளிய பேனா ஒன்றை இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மையோடு அதற்குரிய பேனாவையும் தந்துவிடுவது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

முள் மெல்லியதாக இருப்பது நல்லது. தடித்த முள்ளில் நிறம் இன்னும் அழகாக வரும், ஆனால் அதன் விலையைக் காகிதம் கொடுக்கும்.

புட்டியை முதன்முறை திறக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இந்த நிறுவனத்தின் புட்டிகளை விளிம்பு வரை நிரப்பித்தான் அனுப்புவார்கள். மற்ற மைப் புட்டிகளில் இருப்பதுபோல் மேலே ஓர் அங்குல இடைவெளி இருக்கும் என்று நினைத்து மூடியைத் திருகினால், மை விரலில் வழியும். ஆகவே புட்டியை ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்து, சமையலறைக் கழுவு தொட்டிக்குள் திறங்கள். திறந்ததும் சொட்டுக்குழாயால் ஐந்து மில்லியை எடுத்து ஒரு சிறு மருந்துக் குப்பியில் ஊற்றி வைத்துவிட்டால், அடுத்த முறையிலிருந்து தொல்லை இல்லை. அந்தச் சொட்டுக்குழாயையும் இந்த மைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்த் தண்ணீரில் பேனாவைக் கழுவலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மிகச் சரியான கேள்வியைக் கேட்டார். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது நமக்குத் தெரியும். பல்லில் பழுப்புக் கோடும், முதியவர்களின் மூட்டு வலியும் நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் உண்டு! அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பேனாவுக்கு ஃபுளோரைடு ஒரு பொருட்டில்லை. ஆனால் அதே ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும், பேனாவுக்குப் பெரும் பொருட்டு. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, தலைமுடி போன்ற வாய்க்கால் உள்ள கட்டையிலும் படியும். நீங்கள் கழுவக் கழுவப் பேனா மேலும் அடைத்துக்கொண்டே போனால், காரணம் மையாக இல்லாமல் தண்ணீராகவும் இருக்கலாம்.

ஆகவே முதல் மூன்று நான்கு அலசலுக்கு வீட்டுக்கு வரும் காவிரிக் குடிநீரைப் பயன்படுத்துங்கள். கடைசி அலசலை வாலை வடித்த நீரில் செய்யுங்கள். மோட்டார் உதிரிபாகக் கடைகளில் பேட்டரித் தண்ணீர் என்று விற்பது அதுவோ உப்பு நீக்கிய நீரோதான், இரண்டும் இதற்குப் போதும். கேட்கும்போது பேட்டரித் தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும்; அதே கடைகளில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், அது கந்தக அமிலம். மழைக்காலத்தில், முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் திறந்த வெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்து வடிகட்டிய நீரும் மிக நல்லது. வீட்டில் ஆர்.ஓ. கருவி இருந்தால் அந்த நீரும் போதும்.

கழுவி வழியும் தண்ணீர் முழுவதும் நிறமற்று வரும் வரை கழுவ வேண்டும் என்று பொதுவாகச் சொல்வோம். இந்த மையில் அது ஓரிரு நாளில் நடக்காது. கழற்றிய பாகங்களை இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் தண்ணீரை மாற்றி, மறுபடி ஊறவிட்டு, மூன்றாம் நாள் வெள்ளைத் துணியில் ஒற்றினால் அப்போதும் மெல்லிய நீலம் வரும். அந்த அளவு வந்தால் இதே மையை மறுபடி ஊற்றத் தடையில்லை. வேறு மைக்கு மாற வேண்டுமானால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

பிடித்த கறையை எப்படி எடுப்பது?

பிளீச் ஒன்றுதான் வழி. சோப்பும் தண்ணீரும் தோற்கும் இடத்தில், நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் இந்த நீலத்தைக் கண்ணெதிரே கரைத்துவிடுகிறது. கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். கறை பிடித்த கழுத்தையும் கட்டையையும் அதில் அமிழ்த்தி, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். நீலம் முதலில் வெளிறி, பிறகு இல்லாமலே போகும்; சில நிமிடங்களில் முடிந்துவிடும். உடனே எடுத்துத் தண்ணீரில் பல முறை அலச வேண்டும். எஃகு முள்ளை அதில் ஊறவிடக் கூடாது, ஏனெனில் ஹைப்போகுளோரைட் எஃகைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். உலோகப் பட்டையும் தங்க முலாமும் உள்ள பாகங்களையும் அதில் போட வேண்டாம்.

பஞ்சாயத்தில் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யுமா என்று ஒருவர் கேட்டார். சாயத்தை அது போக்கும். ஆனால் அதில் சுண்ணாம்பு கலந்திருப்பதால் கட்டையில் வெள்ளைப் படிவு தங்கும். ஆகவே திரவமே மேல்.

இதில் உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டிருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிளீச்சுடன் கழிவறை ஆசிட், வினிகர், எலுமிச்சைச் சாறு, அம்மோனியா எதையும் சேர்க்காதீர்கள். அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் வரும். இரண்டும் நுரையீரலுக்கு நஞ்சு. சன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கையிலும் துணியிலும் பட்டால்?

கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று நாளில் தோலோடு போய்விடும். கையில் பிளீச் தேய்க்க வேண்டாம்.

வெள்ளைப் பருத்தி வேட்டியிலோ சட்டையிலோ பட்டால், நீர்த்த பிளீச்சைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, உடனே அலசலாம். நிறத் துணியில் பட்டால் கறையோடு துணியின் நிறமும் போய்விடும். பட்டில் பட்டால் பிளீச்சை நினைக்கவே வேண்டாம். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடியைச் சுற்றி வாழும் நமக்குப் பட்டு ஒரு புரதம் என்பது புதிய செய்தியல்ல. ஹைப்போகுளோரைட் புரத இழையையே கரைத்துவிடும். பட்டுப் புடவையில் பட்ட நீலத்தோடு வாழ்ந்துவிடலாம், ஓட்டையோடு வாழ முடியாது. பட்டு உடுத்திப் போகும் கல்யாண நாளில் மொய் எழுத இந்தப் பேனாவை எடுத்துப்போகாமல் இருப்பதே நல்லது.

எந்தக் காகிதத்தில் நன்றாக இருக்கும்?

இங்கேதான் இந்த மை பலரையும் ஏமாற்றுகிறது. சாதாரண நோட்டுகளில் எழுத்தின் ஓரம் வேர் விட்டதுபோல் பரவும். மறுபக்கத்தில் புள்ளிகள் இறங்கும். நூறு பக்க நோட்டு என்றால் ஐம்பது பக்கம்தான் உபயோகப்படும். கரூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தமிழ்நாடு காகித ஆலையின் நகல் தாளில், மெல்லிய முள்ளால் எழுதும்போது, எனக்குப் பரவல் ஓரளவுக்குள் நிற்கிறது. ஆனால் எல்லாத் தாளையும் ஒரு வரி எழுதிப் பார்த்தே வாங்குங்கள். ஜப்பானின் தொமோயே ரிவர் போன்ற, மை ஊறாத வழவழப்பான தாள்களில் இந்த நீலம் கூர்மையாக நிற்கும். அங்கே உலர நேரம் பிடிக்கும் என்பதால் இடது கைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

தண்ணீர் பட்டால் எழுத்து அழியுமா?

முழுக்க அழியாது. தேநீர்க் கோப்பையின் அடி பட்டபோது என் குறிப்பேட்டில் நீலம் சுற்றிலும் படர்ந்தது. ஆனால் எழுத்தின் கோடு அப்படியே படிக்கும்படி இருந்தது. பள்ளி ராயல் ப்ளூ அந்த இடத்தில் வெறும் நீலத் தேமலாகியிருக்கும்.

அப்படியானால் பத்திரம், காசோலை, பதிவேடு எழுதலாமா?

வேண்டாம். தண்ணீரைத் தாங்கும் மை என்பதும் நிரந்தர மை என்பதும் வெவ்வேறு. பிளீச் ஒரு சொட்டில் இந்த மை காணாமல் போகிறது என்று மேலே சொன்னேன். பேனாவைக் கழுவ அது வரம், காசோலையில் அதுவே ஆபத்து. அழித்துத் திருத்த நினைப்பவருக்கு அது வழி திறந்துவிடும். இதே நிறுவனம் தண்ணீர், வெயில், பிளீச் மூன்றையும் தாங்கும் தனி வகை மைகளைச் செய்கிறது; அந்தத் தேவைக்கு அவற்றை நாடலாம். ஆய்வகத்தின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டை நான் இந்த மையால் எழுதுவதில்லை.

மாணவர்கள் தேர்வில் எழுதலாமா என்பதற்கும் என் பதில் வேண்டாம் என்பதே. விடைத்தாளின் மறுபக்கத்தில் மை இறங்கினால் திருத்துகிறவருக்குப் படிக்க முடியாது, மதிப்பெண் உங்களுடையது.

கோடையில் பேனா மை துப்புகிறதே?

நேரடியாக மை ஊற்றும் பேனாக்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. மை பாதிக்குக் கீழே இறங்கும்போது உள்ளே காற்று அதிகமாகிறது. கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. சித்திரை வைகாசியில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தால் இன்னும் மோசம். மை பாதிக்கு இறங்கியதுமே நிரப்பிவிடுங்கள், பையில் வைக்கும்போது முள் மேலே இருக்கட்டும். நம்மைவிடக் குளிர்ந்த ஓசூரில் இருக்கும் நண்பர் இந்தத் தொல்லையைக் குறைவாகவே சொல்கிறார்.

இவ்வளவு சிரமம் இல்லாமல் இதற்கு நெருக்கமான நீலம் கிடைக்காதா?

அப்படியே இதே நீலம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜப்பானின் பைலட் நிறுவனம் இரோஷிசுகு வரிசையில் செய்யும் அசா-காவோ என்ற மை ஊதா கலந்த நல்ல நீலம். அந்தப் பெயருக்கு ஜப்பானிய மொழியில் காலையில் மலரும் ஒரு கொடிப்பூ என்று பொருள். எளிதாகக் கழுவலாம், பேனாவுக்குப் பயமில்லை. வாட்டர்மேன் நிறுவனத்தின் செரினிட்டி ப்ளூ இன்னும் அடக்கமானது, பழைய பேனாக்களுக்குக்கூடத் துணிந்து ஊற்றலாம். தினசரி எழுத்துக்கு நம் நாட்டு கேமல், பிரில் நீலங்களே போதும். பாலக்காட்டில் ஒரு மருத்துவர் தன் கையால் செய்யும் கிருஷ்ணா மைகளிலும் துணிச்சலான நிறங்கள் உண்டு. இவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், மற்றவை நீலமாகத் தெரியும், பே ஸ்டேட் ப்ளூ ஒளியாகத் தெரியும். அந்த வேறுபாட்டுக்காக மேலே சொன்ன சிரமம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளலாமா என்பதைத்தான் நீங்கள் தீர்மானிக்க வேண்டும். நான் ஏற்றுக்கொண்டேன், வருத்தமில்லை.

ஒரு புட்டி எவ்வளவு நாள் வரும்? முதலிலேயே முழுப் புட்டி வாங்க வேண்டுமா?

சிறிய புட்டியில் ஏறக்குறைய 88 மில்லி இருக்கும். என் எபோனைட் பேனா ஒரு தடவைக்கு இரண்டரை மில்லி கொள்கிறது, தினம் இரண்டு பக்கம் எழுதினால் மூன்று வாரம் ஓடுகிறது. அந்தக் கணக்கில் ஒரு புட்டி இரண்டு ஆண்டு வரும். என் புட்டியும் இப்போது அடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் முறை முயல்கிறவர் முழுப் புட்டி வாங்கத் தேவையில்லை. இந்த மை வைத்திருக்கும் யாரிடமாவது ஐந்து மில்லி கேட்டு வாங்குங்கள், ஆறு வாரம் எழுதலாம். பாலக்கோட்டு ஆசிரியைக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன். குப்பியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 'தனிப் பேனா, தனிச் சொட்டுக்குழாய், வேறு மை சேர்க்கக் கூடாது' என்று அந்த மையாலேயே எழுதி, எழுத்து காய்ந்த பிறகு அதன் மேல் ஒட்டுநாடா போட்டுக் கொடுத்தேன்.